அரை நிமிடத் தீபாவளி

இவ்வாண்டு மலருக்கு யார் எதைப் பற்றி எழுதுவது என்று குழுவினர் கூடிப் பேசிய மாலையில், பழைய தீபாவளி விளம்பரங்களைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். எதிரில் அமர்ந்திருந்த தமிழாசிரியர் தம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் மறுப்புரை வருகிறது என்பது எங்கள் சங்கத்தில் எல்லாரும் அறிந்த செய்தி. "குறளுக்கும் சிலம்புக்கும் நடுவே பற்பொடிக்கும் சோப்புக்கும் இடம் கேட்கிறீர்களா?" என்றார். அவர் பக்கத்தில் இருந்த இளைஞரோ முகம் மலர்ந்து, "எழுதுங்கள் ஐயா, அந்தக் காலத்து விளம்பரங்களுக்கு ஈடு ஏது? அது பொற்காலம், நாங்கள் சிரிக்கச் சிரிக்கப் படிக்க வேண்டும்" என்றார். முன்னவர் விளம்பரத்தை இகழ்ந்தார்; பின்னவர் புகழ்ந்தார். இருவர் கூற்றும் எனக்கு உடன்பாடன்று. ஒருவரை மட்டும் மறுப்பதாயின் ஒரு பக்கம் போதும். இருவரையும் மறுக்க வேண்டியிருப்பதால் கட்டுரை சற்று நீளும், வாசகர் பொறுத்தருள்க.

இந்த எண்ணத்தை என்னுள் விதைத்தவள் என் பேத்தி. போன தீபாவளியன்று விடியற்காலை நான்கரை மணிக்கு அவளை எழுப்பினேன். வெந்நீர் கொதித்துக்கொண்டிருந்தது. மணையில் கோலமிட்டு, நல்லெண்ணெயைக் காய்ச்சி ஆறவைத்துக் கிண்ணத்தில் ஊற்றி வைத்திருந்தாள் என் மனைவி. ஒன்பது வயதுக் குழந்தை போர்வைக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டி, "தாத்தா, தீபாவளி ராத்திரிதானே? இப்பவே ஏன் எழுப்புறீங்க?" என்றது. ராத்திரி என்று உனக்கு யாரம்மா சொன்னார்கள் என்று கேட்டேன். "டிவியில எல்லாரும் ராத்திரிதான் கொண்டாடுறாங்க" என்று விடை வந்தது.

நான் வாயடைத்து நின்றேன். அந்தக் குழந்தை ஒக்கலிபுரத்திலேயே பிறந்தவள். பிறந்தது முதல் ஒவ்வொரு தீபாவளிக்கும் விடியலில்தான் குளித்திருக்கிறாள். சீயக்காய்த்தூள் கண்ணில் விழுந்து ஆண்டுதோறும் அழுதிருக்கிறாள். கண்ணெரிச்சலோடு கற்ற பாடத்தை, கடையொன்று காட்டிய அரை நிமிடக் காட்சி அழித்துவிட்டது. அக்காட்சியைப் பார்த்து நாமெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம் என்பது அப்புறம் நினைவுக்கு வந்தது. சிரித்தது என் குற்றமும்தான்.

நம் தீபாவளி எது என்பதை இளைய வாசகர்க்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ரயில் தண்டவாளத்துக்கும் ஸ்ரீராமபுரத்துக்கும் இடைப்பட்ட எங்கள் சந்துகளில் குடியேறியவர்கள் வட ஆற்காட்டிலிருந்தும் தருமபுரி, சேலம் பக்கங்களிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தவர்கள். ஆலையிலும் ரயில்வேயிலும் கட்டட வேலையிலும் கை தேய்ந்தவர்கள். தீபாவளி என்றால் முதலில் போனஸ். 1965ஆம் ஆண்டுப் போனஸ் சட்டம் எந்த மாதத்தில் இயற்றப்பட்டது என்று எவர்க்கும் தெரியாது. எந்த மாதத்தில் அது கைக்கு வரும் என்பது குழந்தைக்கும் தெரியும். போனஸ் வந்ததும் துணி. துணி வந்ததும் தையற்காரர் வீட்டுத் திண்ணையில் காத்திருப்பு. தீபாவளிக்கு முதல்நாள் நள்ளிரவில் பொத்தான் தைக்காத சட்டையோடு ஓடிவந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். தெருவில் முதல் வெடியை வெடிப்பவன் யார் என்பதில் மூன்று மணிக்கே போட்டி. எண்ணெய்க் குளியல், புத்தாடையின் ஓரத்தில் மஞ்சள், ஒரு உருண்டை லேகியம், அதன்பின் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். எட்டு மணிக்குள் தீபாவளி முடிந்துவிடும். பிற்பகல் மெஜஸ்டிக் பக்கம் ஒரு திரைப்படம். இருட்டும் வேளையில் ஊரே உறக்கத்தில் கிடக்கும். இரவில்தான் தீபாவளி என்று விளம்பரக்காரர் சொல்கிறார்களே, அந்த இரவில் ஒக்கலிபுரத்தில் விழித்திருந்தவை நாய்கள் மட்டுமே. அவையும் காலை வெடிக்கு அஞ்சிக் கட்டிலுக்கடியில் இருந்தவை.

இத்தகைய சந்துக்குள் தொலைக்காட்சி எப்படி வந்தது? தூர்தர்ஷனில் விளம்பரங்கள் தொடங்கியது 1976 சனவரி முதல் நாள். பெங்களூரில் நிலையம் அமைந்தது 1981இல். 1982இல் வண்ணமும் டில்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பும் வந்தன. எங்கள் சந்தில் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு ஒருவர் முதலில் பெட்டி வாங்கினார். அவர் வீட்டு சன்னல் கம்பிகளில் தொங்கிய பிள்ளைகளின் எண்ணிக்கையை அவரே ஒருநாள் எண்ணிப் பார்த்து, பச்சைக்கொடி காட்டி அனுப்புவதுபோல் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பினார். மறுநாளும் நாங்கள் தொங்கினோம். நிகழ்ச்சிகள் இந்தியிலும் கன்னடத்திலும் வந்தன. எங்களுக்கு விளங்கியவை விளம்பரங்களே. மொழி தெரியாதவனுக்கும் விளங்குவதற்காகவே அவை எடுக்கப்பட்டவை அல்லவா? நிர்மா சலவைத்தூளின் இந்திப் பாட்டில் நான்கு பெண்களின் பெயர் வரும். எங்கள் தெருச் சிறுமியர் அப்பெயர்களை நீக்கிவிட்டு முனியம்மா, செல்வி, காமாட்சி, மேரி என்று தம் பெயரை இட்டுப் பாடினர். துணி துவைத்தவர்கள் இவர்கள்தாமே; பெயரும் இவர்களுடையதாக இருக்கட்டும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம். அதை இன்றும் நான் நல்ல திறனாய்வு என்றே கருதுகிறேன்.

இனித் தீபாவளி விளம்பரத்துக்கு வருவோம். ஐப்பசி நெருங்கியதும் பெட்டிக்குள் ஒரு வீடு தோன்றும். அவ்வீட்டில் தவறாமல் ஒரு மாடிப்படி இருக்கும். மாடிப்படி இல்லாத வீட்டில் பண்டிகையே இல்லை என்பது மும்பை விளம்பரக்காரர் கொள்கை. படியில் ஒரு பெண்மணி விளக்குத் தட்டோடு இறங்கி வருவார். எங்கள் தெருவில் இரண்டொரு வீடுகளுக்கே படி உண்டு. அது மொட்டைமாடிக்குப் போகும்; அங்கே துணிக்கொடி இருக்கும். பெண்மணியின் முந்தானை வலத்தோளில் முன்பக்கமாக விழும். குர்தா அணிந்த கணவன் எங்கிருந்தோ வந்து, பரிசுப் பெட்டி ஒன்றைப் பின்னால் மறைத்து நிற்பான். வெள்ளை மீசைப் பாட்டனார் காரணமின்றிச் சிரிப்பார். வாசலெங்கும் அகல் விளக்கு வரிசை, வானத்தில் மத்தாப்பு. அப்பெரிய குடும்பத்தில் ஒருவர் தலையிலும் எண்ணெய் இராது. ஒருவர் கண்ணும் சிவந்திராது. அடுப்பங்கரையில் கறிக்குழம்பு கொதிப்பதற்கான அறிகுறியே இராது. பார்த்த என் அன்னையார், "பாவம், வசதியான குடும்பம், குளிக்கத்தான் யாருக்கும் நேரமில்லை போல" என்றார்.

1993 ஏப்ரல் 14ஆம் நாள் சன் தொலைக்காட்சி தொடங்கியது. கேபிள் வழியே அது பெங்களூர் வந்தபோது, அதே மாடிப்படிப் பெண்மணி தமிழ் பேசத் தொடங்கினார். பேசினார் என்று சொல்வது மிகை. வாய் ஒன்று சொல்ல, செவியில் வேறொன்று விழுந்தது. அவர் வாயை மூடிய பிறகும் தமிழ் இரண்டு சொல் தூரம் ஓடி நின்றது. அத்தமிழ்தான் என்ன தமிழ்! "இந்தத் தீபாவளியில் உங்கள் அன்புக்குரியவர்களின் வாழ்வில் இனிமையை நிரப்புங்கள்" என்பதுபோல ஒரு தொடர். அன்பர்களே, நம் வீடுகளில் 'அன்புக்குரியவர்' என்று எவரும் இல்லை. அத்தை இருக்கிறாள், மாமன் இருக்கிறான், நாத்தனார் இருக்கிறாள், கொழுந்தன் இருக்கிறான். இவர்களுள் சிலரிடம் நமக்கு அன்பும் உண்டு. பெயரில்லாத 'அன்புக்குரியவர்' என்பவர் மொழிபெயர்ப்பாளரின் மேசையில் பிறந்தவர். தீபாவளிக்கு இரண்டு நாள் கழித்து உடன்பிறந்தாளைக் காண வரும் அண்ணனை அவ்விளம்பரங்கள் காட்டின. அது வடநாட்டார் வழக்கம், அவர்க்கு அழகுதான். நம் அண்ணன்மார் சீர் கொண்டுவருவது பொங்கலுக்கு. அந்த அண்ணன் கைக்கரும்போடு பேருந்தில் பட்ட பாட்டை எந்த விளம்பரமும் காட்டவில்லை.

விளக்கு வரிசை நமக்கு அயலானதோ என்று கேட்பார் உளர். அன்று. ஆயின் அது கார்த்திகைக்கு உரியது. நக்கீரர் பாடிய அகநானூற்று 141ஆம் பாட்டில், நள்ளிருளில் தெருவெல்லாம் விளக்கேற்றி மாலை தூக்கிய கார்த்திகை விழா வருகிறது. பொருள் தேடிப் பிரிந்து போனவன் அவ்விழாவுக்கேனும் வந்து நம்மோடு கூட வேண்டும் என்று தலைவி விரும்புகிறாள். வேலைக்காக ஊர் விட்டு வந்தவர்களாகிய நாம் அப்பாட்டைப் படிக்கும்போது தொண்டையில் ஏதோ அடைக்கும். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய நம் விளக்குத் திருநாளுக்கு ஒரு விளம்பரம் இல்லை; அடுத்தவர் விளக்கு மட்டும் ஆண்டுதோறும் அரங்கேறுகிறது.

இதை மொழிச் சண்டையாக எவரும் கொள்ள வேண்டா. என் சுவருக்கு அப்பால் குடியிருப்பது கன்னடக் குடும்பம். நரக சதுர்த்தசிக்கு முதல்நாள் மாலை அவர்கள் அண்டாவைத் துலக்கி, நீர் நிரப்பும் பண்டிகை என்று வழிபடுவார்கள். மறுநாள் விடியலில் அவர்கள் வீட்டுப் பிள்ளையும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு என் பேத்தியைப் போலவே அழும். அவர்களுக்குப் பலி பாட்டியமி என்று இன்னொரு நாளும் உண்டு. ஆகவே, பெட்டிக்குள் காணும் தீபாவளியைவிடச் சுவருக்கு அப்பால் நடக்கும் தீபாவளியே நமக்கு உறவு. மாடிப்படிப் பெண்மணி எங்களை மட்டும் ஒதுக்கவில்லை; அவர்களையும் சேர்த்தே ஒதுக்கினார். கன்னடத் திரையுலகினர் 1960களிலிருந்தே மொழிமாற்றுப் படங்களைத் தம் மாநிலத்தில் நுழையவிடாமல் காத்தனர். அது முறையன்று என இந்தியப் போட்டி ஆணையம் 2015இல் தீர்ப்பளித்தது வேறு செய்தி. இரண்டரை மணி நேரப் படத்தை வாசலில் நிறுத்திய காவல், அரை நிமிட விளம்பரத்தைக் கொல்லை வழியே விட்டுவிட்டது. நாம் எந்த வாசலிலும் காவல் வைக்கவில்லை. எனவே அவர்களைப் பார்த்து நகைக்க நமக்கு உரிமையில்லை.

'பொற்காலம்' என்ற இளைஞருக்கு என் மறுப்பு இதுதான்: அந்தக் காலத்து விளம்பரம் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர். மேலே சொன்னவை ஒரு வகை. தமிழ்நாட்டில், தமிழர் வீட்டுக்காகவே பிறந்தவை வேறொரு வகை. அவற்றைத்தான் நம் அறிஞர்கள் மலிவானவை என்று முகம் சுளித்தார்கள்.

அவ்வகையில் முதலில் வானொலியைச் சொல்ல வேண்டும். இரவு நேரங்களில் இரைச்சலுக்கு நடுவே இலங்கை வானொலியைத் தேடிப் பிடிப்போம். கோபால் பல்பொடிக்கான விளம்பரம், அப்பொடிக்கு ஆதரவு தரும் நாடுகளை அடுக்கிச் சொல்லும். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் என்ற பெயர்களைப் பள்ளி நிலவியல் நூலில் காணுமுன் நான் அதில்தான் கேட்டேன். தமிழர் வாழும் நாடுகள் இவை என்பதை ஒரு பற்பொடி எனக்குக் கற்பித்தது. பெங்களூர் அப்பட்டியலில் இல்லையே என்ற குறையும் அன்றே தோன்றியது. உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் விளம்பரத்தை யார் மறப்பார்? குழந்தை அழும், தாய்க்கு அவள் தாய் மருந்து சொல்வாள், அவளுக்கு அவள் தாய் சொன்னதும் பின்னே வரும். அரை நிமிடத்தில் மூன்று நான்கு தலைமுறைப் பெண்கள் ஒரே கூடத்தில் கூடிவிடுவார்கள். பாட்டிமாரை ஊரில் விட்டுவந்த எங்கள் ஒற்றை அறை வீடுகளில், குழந்தை அழுதால் சொல்வதற்கு அந்தப் பெட்டிதான் பாட்டி. என் மனைவி ஒருமுறை, "அந்த அம்மா சொல்றா, கொடுத்துப் பார்ப்போம்" என்றே சொன்னாள். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை.

தீபாவளியோடு நேரே தொடர்புடையது நல்லெண்ணெய். விருதுநகரிலிருந்து வந்த இதயம் நல்லெண்ணெய் விளம்பரத்தில் நடித்த சித்ரா அவர்களைத் தமிழ்நாடு முழுதும் 'நல்லெண்ணெய் சித்ரா' என்றே அழைத்தது. எத்தனையோ படங்களில் நடித்த ஒருவருக்கு, ஓர் எண்ணெய் அடைமொழியாய் நின்றது. 2021 ஆகஸ்டில் அவர் மறைந்தபோதும் செய்திகள் அப்பெயரையே தாங்கி வந்தன. நகைப்புக்குரியதுதான், ஆயினும் எண்ணிப் பாருங்கள். தலைக்கு எண்ணெய் வைப்பதை நாகரிகக் குறைவாகக் காட்டிய விளம்பரங்களுக்கு நடுவே, நல்லெண்ணெயைத் திரையில் ஏற்றி வைத்தவை இத்தகைய விளம்பரங்களே. என் பேத்தி அவற்றைக் கண்டு வளர்ந்திருந்தால் நான்கரை மணிக்கு என்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டாள்.

துணிக்கடைகளின் விளம்பரங்களோ தனி உலகம். புரட்டாசியிலேயே தொடங்கிவிடும். சென்னைக் கடை ஒன்றில் நடிகையர் இருபது நொடியில் இருபது புடவை மாற்றுவர். அதைக் கண்ட எங்கள் வீட்டுப் பெண்கள் ஒரே புடவைக்காக பிருந்தாவன் விரைவு வண்டியில் இடம்பிடிக்கத் திட்டமிடுவர். 1964 அக்டோபர் முதல் நாள் ஓடத் தொடங்கிய அவ்வண்டி, எங்கள் தெருவுக்குத் தியாகராய நகரின் கிளைத் தெருவாகவே பயன்பட்டது. பிற்பகலில் பெங்களூரில் ஏறி இரவில் சென்னையில் இறங்கிப் புடவை எடுத்துத் திரும்புவோர், வண்டிச் செலவைப் புடவை விலையோடு கூட்டிப் பார்ப்பதில்லை. கூட்டினால் தீபாவளி நின்றுவிடும். அவ்விளம்பரங்களில் தலைத் தீபாவளி வரும். புது மாப்பிள்ளை வருவார். மோதிரம் வந்ததா என்று விரலைப் பார்ப்பார். மாமனார் மடியைத் தடவுவார். மைத்துனன் வெடியைப் பின்னால் வைத்துவிட்டு ஓடுவான். மாடிப்படி வீட்டில் இந்த மாப்பிள்ளைக்கு இடமே இல்லை. மாமனாராகி மடியைத் தடவிய அனுபவம் உடையவன் என்ற முறையில், அக்காட்சி உண்மைக்கு மிக அருகில் இருந்தது என்று சான்று கூறுவேன்.

பண்டிகை நாளின் அறிவிப்புகளையும் விட்டுவிடலாகாது. உலகத் தொலைக்காட்சி வரலாற்றிலேயே முதன்முறையாக, திரைக்கு வந்து சில மாதங்களே ஆன படம் என்று ஓங்கிய குரல் முழங்கும். உலகத் தொலைக்காட்சி வரலாறு முழுவதையும் யார் ஆராய்ந்தார் என்று தமிழாசிரியர் அன்று கேட்டார். ஆராய்ச்சியின்றி முடிவு கூறும் வழக்கம் விளம்பரக்காரர்க்கு மட்டும் உரியதன்று என்று நான் சொல்ல நினைத்து, அவர் கண்ணாடியைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன்.

இவையெல்லாம் குறையற்றவை என்று நான் சொல்லவில்லை. கூச்சல் மிகுதி. பெண்ணைப் புடவை தொங்கும் கொம்பாகக் காட்டினார்கள். நகை விளம்பரங்கள் பெண்ணைப் பெற்றவன் நெஞ்சில் ஏறி அமர்ந்தன. போனஸ் முழுவதையும் ஐப்பசியிலேயே கரைத்துவிட்டுக் கார்த்திகையில் வட்டிக்கு வாங்கிய குடும்பங்கள் எங்கள் சந்தில் பல. அவற்றுள் என்னுடையதும் ஒன்று. கறுப்பு நிறத்தைக் குறைபாடாக்கி அதற்கு மருந்து விற்ற விளம்பரங்களை, தமிழில் வந்தாலும் நான் மன்னியேன். அந்நாள்களைப் பொற்காலம் என்பவர் அந்நாள்களின் கடன் சீட்டைப் பார்த்ததில்லை. ஆயின் குறையுள்ள தமிழ் விளம்பரம், தமிழ் வீட்டின் குறையையாவது காட்டியது. மொழிமாற்று விளம்பரம் இல்லாத வீட்டைக் காட்டி, அது நம் வீடு என்று நம் பிள்ளைகளை நம்பவைத்தது. இந்த வேறுபாட்டைத்தான் நான் வற்புறுத்துகிறேன்.

தமிழாசிரியர்க்கும் விடை கூற வேண்டும். விளம்பரத்துக்கு இலக்கியத்தில் இடமில்லை என்றார். பட்டினப்பாலையை அவரே எனக்குப் பாடம் சொன்னவர். காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் வரிசையாகக் கூறுகிறார். அறிஞர் வாதுக்கு அழைத்து நட்ட கொடியும் அதில் உண்டு. கள் விற்போர் தம் வாயிலில் உயர்த்திய கொடியும் அதே வரிசையில் உண்டு. கள்ளுக்கடைக் கொடி விளம்பரமன்றி வேறென்ன? அறிஞர் கொடிக்குப் பக்கத்தில் அதை நிறுத்தப் புலவர்க்குக் கூச்சமில்லை. நமக்கு மட்டும் ஏன் இத்தனை கூச்சம்?

கூச்சத்துக்கு நாம் கொடுத்த விலை சிறிதன்று. பெங்களூரில் வளரும் நம் பிள்ளைகளுள் தமிழைப் பள்ளியில் படிப்போர் சிலர். மற்றவர் பேசுவர், எழுத்துத் தெரியாது. தெருப் பலகையில் தமிழ் இல்லை, பேருந்தில் இல்லை, மருந்துச் சீட்டில் இல்லை. அவர்கள் கண்ணில் தமிழ் எழுத்துப் பட்ட ஒரே இடம் தொலைக்காட்சித் திரை. என் மகன் 'சேலை' என்ற சொல்லைத் தட்டுத்தடுமாறி எழுத்துக்கூட்டிப் படித்தது ஒரு துணிக்கடை விளம்பரத்தில்தான். ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று நான் விளக்குமுன் விளம்பரம் முடிந்துவிட்டது. அடுத்த விளம்பர இடைவேளைக்காக இருவரும் காத்திருந்தோம். காவிரிச் சிக்கல் முற்றிய 2016 செப்டம்பரில் நகரின் பல கேபிள் இணைப்புகளில் தமிழ்ச் சேனல்கள் நின்றபோது, தொடர்கதையை இழந்தோம் என்று பலர் வருந்தினர். என் அன்னையார் கேட்டது வேறு: "அந்த சோப்புப் பாட்டு வந்தாத்தான் உலை வைக்கிற நேரம்னு தெரியும், இப்ப எப்படிச் சோறாக்குறது?" மொழி ஒரு வீட்டுக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்து வேலை செய்கிறது என்பதை அன்று அறிந்தேன்.

இன்று விளம்பரம் கைப்பேசிக்குள் போய்விட்டது. குழந்தை எதைப் பார்க்கிறது என்பது பக்கத்தில் அமர்ந்திருப்பவர்க்கும் தெரிவதில்லை. கார்டு வீட்டு சன்னலில் நாங்கள் இருபது பேர் தொங்கிய காலத்தில், தவறாகக் காட்டினால் இருபது பேரும் சேர்ந்து நகைத்தோம். பெரியவர் ஒருவர், "நம்ம பக்கம் அப்படியில்லடா" என்று திருத்தினார். என் பேத்தி தனியாகப் பார்க்கிறாள். திருத்த அருகில் எவருமில்லை.

சரி, மும்பைக்காரரைக் குறைகூறினோம். நாம் என்ன செய்கிறோம்? வாசகர் இம்மலரைச் சற்றே திருப்பிப் பின்பக்கங்களைப் பாருங்கள். மலரின் அச்சுச் செலவைத் தாங்குபவை அவ்விளம்பரப் பக்கங்களே. இக்கட்டுரை அச்சேறியதும் அவற்றின் தயவால்தான். கொடுத்தவர்கள் யார்? நம்மவர்: மளிகைக்காரர், நகைக்கடைக்காரர், கட்டட ஒப்பந்தக்காரர், பல் மருத்துவர். மொழி என்ன? சென்ற ஆண்டு மலரில் ஏறத்தாழ எல்லாம் ஆங்கிலம். முன்பக்கங்களில் தமிழ் அழிகிறதே என்று கண்ணீர் சொரியும் கட்டுரைகள். பின்பக்கங்களில் ஆங்கிலத்தில் நல்வாழ்த்து. தமிழ்ச் சங்க மலரில் தமிழன் தமிழனுக்குத் தமிழில் ஒரு பொருளை விற்க அஞ்சுவானாயின், மாடிப்படிப் பெண்மணியை நோக நமக்கு என்ன தகுதி? அடுத்த ஆண்டு முதல் விளம்பரப் பக்கங்கள் தமிழில்தான் ஏற்கப்படும் என்று குழு தீர்மானம் இயற்ற வேண்டும் என்பது என் கோரிக்கை. வருவாய் குறையும் என்பர். குறையட்டும், பக்கங்களைக் குறைத்துக்கொள்வோம். என் கட்டுரையிலிருந்தே தொடங்கலாம்.

வெறும் பேச்சாக இராமல், நானே விளம்பரம் கேட்டுப் புறப்பட்டேன். எங்கள் தெருமுனை மளிகைக்காரர் வழக்கம்போல் ஆங்கில வாழ்த்து அச்சிட்ட அட்டையை நீட்டினார். தமிழில் எழுதித் தாருங்கள் என்றேன். "தமிழ்ல போட்டா யாருண்ணே படிக்கப்போறாங்க?" என்றார். மலரைப் படிப்பவர் எல்லாரும் தமிழர்தாமே என்றேன். அவர் சற்று எண்ணிவிட்டு, "நம்ம கடைக்கு அது கௌரவமா இருக்குமா?" என்று கேட்டார். சிறுவயதில் கேட்ட விளம்பரம் ஏதேனும் நினைவிருக்கிறதா என்று வினவினேன். அவ்வளவுதான்; பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த கையை அப்படியே விட்டுவிட்டு, பற்பொடி, பாக்கு, காப்பி, தைலம் என்று வரிசையாகப் பாடத் தொடங்கினார். ஒரு சொல் பிசகவில்லை. வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் சேர்ந்து பாடினார்கள். ஐம்பது வயதுக்காரர் நாற்பது ஆண்டுகளுக்கு முன் கேட்டது, அவர் பள்ளியில் படித்த செய்யுளில் ஒன்றேனும் இப்படி நினைவில் நிற்கிறதா என்று கேட்கலாமென்று தோன்றியது, கேட்கவில்லை.

"இதுபோல உங்கள் கடைக்கு நீங்களே சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்" என்றேன். பொட்டலம் மடிக்கும் தாளில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெய் உண்டு, சீயக்காய் உண்டு. லேகியத்துக்குச் சுக்கு, திப்பிலி, ஓமம் உண்டு. கறிக்குழம்புக்கு அரைத்த மசாலை உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கே கடை திறந்திருக்கும். கடன் மட்டும் இல்லை. இவ்வளவுதான் வாசகம். கடைசித் தொடரை நீக்கிவிடலாமா என்று அச்சகத்தார் தொலைபேசியில் கேட்டார்கள். வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.